பதினொரு அடக்கமான பிள்ளைகள்

பதுளை
2024 பெப்ரவரி 6

அன்பின் றோசாலி அக்கா,

கடிதம் எழுதி எனக்குப் பழக்கம் விட்டுப்போய்விட்டது. போன் மணி அடித்தால் மகன் றோய் தலையைச் சுவரில் மோதுகிறார் என்று நீங்கள் வீட்டில் போனே வைக்காமல் விட்டதால் பேனாவைத் தேடி எடுத்தேன்.

நல்ல செய்தி. மூன்று முறை மனுக் கொடுத்த பிறகு மாகாணக் காரியாலயத்திலிருந்து ஓர் அதிகாரி வருகிறார். யசோதினி என்று பெயர், இந்தப் பகுதிக்குப் புதியவர். வரும் பதினேழாம் திகதி சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, மொஹிதீன் ஹாஜியாரின் கடைக்கு மேல்மாடியில் எங்கள் சங்கத்துப் பெற்றோரையும் பிள்ளைகளையும் சந்திப்பார். பதினாறு வயது தாண்டிய, கடுமையான ஓட்டிசம் உள்ள பிள்ளைகளைப் பகலில் வைத்துப் பார்க்க ஓர் இடம், பழக்கப்பட்ட ஆட்கள். நாங்கள் கேட்பது அவ்வளவுதான். அவருடைய அறிக்கையைப் பொறுத்துத்தான் அது கிடைப்பதும் கிடைக்காததும்.

இனிச் சொல்லப்போவதைத் தவறாக எடுக்காதீர்கள். றோயை அன்றைக்குக் கூட்டிவர வேண்டாம். நவம்பர் கூட்டத்தில் கண்ணாடி உடைந்தது ஞாபகம் இருக்கும். ஸலீம் நானாவின் சின்ன மகள் இன்னும் அதைச் சொல்லி அழுகிறாளாம். முதல் நாளே அதிகாரி பயந்துபோனால் பைலை மூடிவிடுவார். நீங்கள் மட்டும் தனியாக வாருங்கள். பூனாகலையிலிருந்து ஒருவராவது வந்து தோட்டத்துப் பக்கத்துக் கஷ்டத்தைப் பேச வேண்டும்.

எட்வர்ட் அண்ணனுக்குச் சலாம் சொல்லுங்கள்.

நூருல் இனாயா

*

பூனாகலை
2024 பெப்ரவரி 20

அன்புள்ள இனாயா,

உங்கள் கடிதம் தோட்டத்து ஒப்பீசில் நான்கு நாள் கிடந்தாலும் சனிக்கிழமைக்கு முன்பே கிடைத்தது. நான் வரவில்லை. பார்த்திருப்பீர்கள்.

என்னைத் தனியாக வரச் சொன்னீர்கள். றோயை யாரிடம் விட்டு வருவது? சனிக்கிழமை எட்வர்ட்டுக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. றோயின் பதினான்காவது வயதில் நான் கொழுந்து எடுக்கப் போவதை நிறுத்தினேன். இப்போது அவனுக்கு இருபத்துமூன்று. இந்த ஒன்பது வருடத்தில் என் தங்கச்சியின் கல்யாணத்துக்குக்கூட நான் கோயில் வாசல்வரைதான் போனேன். ஏழு வருடமாக கிளினிக்கில் ஒரே மர வாங்கில் என் பக்கத்தில் இருந்தவர் நீங்கள். உங்களுக்கு இது தெரியாதா? நான் தனியாக எங்காவது வர முடிந்தால் உங்கள் சங்கத்தில் எனக்கு என்ன வேலை?

கடிதத்தை எட்வர்ட்டுக்கு வாசித்துக் காட்டினேன். சிரித்தார். "ஓட்டிசம் புள்ளைங்களுக்குத்தான் கூட்டமாம். நம்ம புள்ளைக்கு மட்டும் ஓட்டிசம் ரொம்ப அதிகமாம்" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

றோசாலி

*

பதுளை
2024 பெப்ரவரி 28

அன்பின் அக்கா,

உங்கள் கோபம் விளங்குகிறது. ஆனால் நடந்ததைக் கேட்டால் மனம் ஆறும்.

பதினொரு பிள்ளைகளும் வந்தார்கள். ஒரு சத்தம் இல்லை. என் இஸ்ரா பெருநாள் உடுப்பைப் போட்டுக்கொண்டு ஒரு மணித்தியாலம் முழுவதும் கதிரையில் இருந்தாள். றிப்னாவின் மகன் அதிகாரியின் கையைப் பிடித்துப் படியில் இறங்கினான். போகும்போது யசோதினி மிஸ், "இவ்வளவு அடக்கமான பிள்ளைகளை நான் எதிர்பார்க்கல்ல. நீங்க நல்லா வளத்திருக்கீங்க" என்றார். அவர் போன பிறகு நாங்கள் மேல்மாடியிலேயே இருந்து அந்தச் சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தோம். என் வீட்டுக்காரர் லத்தீப் எங்கள் கடையிலிருந்து எல்லோருக்கும் பலூடா அனுப்பினார்.

இடம் கிடைத்ததும் முதல் பெயர் றோயுடையது. நான் பொறுப்பு.

இனாயா

*

பதுளை
2024 ஏப்ரல் 22

அன்பின் அக்கா,

என் போன கடிதத்துக்கு நீங்கள் பதில் போடவில்லை. போடாதது நல்லது. அதை எழுதியதற்கு இப்போது வெட்கப்படுகிறேன்.

அறிக்கை வந்துவிட்டது. நான் பார்த்து எழுதுகிறேன்: "பங்குபற்றிய பதினொரு இளைஞர்களும் சாந்தமானவர்கள், அறிவுறுத்தலுக்குக் கட்டுப்படுபவர்கள். தனியான நிலையமோ விசேட ஆளணியோ அவசியமில்லை. தற்போது நடைபெறும் கைவேலை வகுப்பில் சனிக்கிழமைகளில் சேர்த்துக்கொள்ளலாம்."

கைவேலை வகுப்பு என்றால் இருபது பேருக்கு ஓர் ஆசிரியை. மெழுகுதிரியும் கடித உறையும் செய்கிறார்கள். தனக்கோ மற்றவருக்கோ காயம் செய்பவரைச் சேர்ப்பதில்லை என்று சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறது. முந்தநாள் முதல் வகுப்பு. பத்து நிமிடத்தில் இஸ்ரா வெளியே ஓடிவிட்டாள். பதினேழு வயதுப் பெண் பிள்ளை, பண்டாரவளை றோட்டின் நடுவில் நிற்கிறாள், பஸ்காரன் ஹோனை அடித்துக்கொண்டே நிற்கிறான். ஸலீம் நானாவின் மகன் ஆசிரியையின் தலைமுடியை இழுத்துவிட்டான். பாவம், அந்த டீச்சர் பிள்ளைக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது, அழுதேவிட்டது. பகல் சாப்பாட்டுக்கு முன்பே எங்கள் பதினொரு பேரையும் கூட்டிப்போகச் சொல்லிவிட்டார்கள்.

இனி என்ன செய்வது? யோசித்துப் பார்த்தேன். மே எட்டாம் திகதி காரியாலயத்தில் எங்களுக்கு ஒரு நேரம் தந்திருக்கிறார்கள். நீங்கள் றோயைக் கூட்டிவர வேண்டும். வானுக்கு லத்தீப் ஏற்பாடு செய்வார். மிஸ் அவரை ஒரு முறை பார்த்தால் போதும், எல்லாம் விளங்கிவிடும்.

இனாயா

*

பூனாகலை
2024 ஏப்ரல் 30

திருமதி நூருல் இனாயா அவர்களுக்கு,

பெப்ரவரியில் என் மகனைக் கண்டால் அதிகாரி பயந்துவிடுவார் என்று அவனை வீட்டில் வைக்கச் சொன்னீர்கள். இப்போது அதிகாரி பயப்பட வேண்டும் என்று அவனைக் கொண்டுவரச் சொல்கிறீர்கள். நேரத்துக்கு மறைக்கவும் நேரத்துக்குக் காட்டவும் அவன் ஒரு சாமான் இல்லை. அறிமுகமில்லாத கட்டடம், மின்விசிறி, அடிக்கடி அடிக்கும் போன்கள். அந்த இடத்தில் அவன் என்ன பாடுபடுவான் என்று உங்களுக்கும் தெரியும். அதற்காகத்தான் அங்கே வரச் சொல்கிறீர்கள். நாங்கள் வரமாட்டோம்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். இஸ்ரா ஒரு மணித்தியாலம் கதிரையில் இருந்தாள் என்று எழுதினீர்கள். ஏழு வருடத்தில் அவள் ஐந்து நிமிடம் ஓரிடத்தில் இருந்து நான் கண்டதில்லை. அன்றைக்கு எப்படி இருந்தாள்?

றோசாலி எட்வர்ட்

*

பதுளை
2024 மே 9

றோசாலி அக்கா,

நேற்றுக் காரியாலயத்துக்குப் போனோம். மிஸ்ஸிடம் எவ்வளவோ சொன்னோம். "நான் கண்ணால கண்டதத்தான் எழுத ஏலும்" என்றார். அவரைக் குறை சொல்ல முடியவில்லை.

உங்கள் கேள்விக்குப் பதில். இரவில் தூக்கத்துக்குக் கொடுக்கும் மருந்தை அன்று காலை கொடுத்தேன். வழக்கத்தைவிட அரைக் கரண்டி கூட. டொக்டரிடம் கேட்கவில்லை. லத்தீப்புக்கும் தெரியாது. இப்போது உங்களுக்குத்தான் முதலில் சொல்கிறேன்.

நான் மட்டும் இல்லை. அன்று படியேறும்போது றிப்னா என் காதுக்குள், "குடுத்தீங்களா?" என்று கேட்டாள். "குடுத்தேன், நீங்க?" என்றேன். "ஒரு குளிசை கூடப் போட்டேன். வரக்குள்ளயே நித்திர" என்றாள். ஸலீம் நானா மருந்தில் கை வைக்கவில்லை. ஐந்து மணிக்கே மகனை எழுப்பி, களைத்து விழும்வரை மைதானத்தைச் சுற்றி நடத்திவிட்டு வந்திருந்தார். யாரும் கூடிப் பேசித் திட்டம் போடவில்லை அக்கா. ஒவ்வொருவரும் தன் வீட்டில் தானே செய்தது. ஆள் வருமுன், கலியாண வீட்டுக்குப் போகுமுன், சொந்தக்காரர் படியேறுமுன் நாங்கள் எத்தனை வருடமாகச் செய்வது இதைத்தானே. உதவி கேட்டு வரவழைத்த ஆளுக்கு முன்னாலும் கை தன்பாட்டில் அதைத்தான் செய்தது.

அடக்கமான பிள்ளைகள் என்று மிஸ் சொன்னபோது நான் அழுதேன். பெருமையில் அழுதேன். கதிரையில் அரைத் தூக்கத்தில் வாய் ஒழுக இருந்த மகளைப் பார்த்துக்கொண்டே பெருமைப்பட்டேன். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

உங்களைத் தனியாக வரச் சொன்னது பிழை. றோயைக் காரியாலயத்துக்குக் கேட்டது அதைவிடப் பிழை. மன்னித்துக்கொள்ளுங்கள். சங்கத்தை இதோடு விட்டுவிடலாமா என்று யோசிக்கிறேன்.

இனாயா

*

பூனாகலை
2024 மே 19

அன்புள்ள இனாயா,

சங்கத்தை விட வேண்டாம். எழுத வேண்டும் என்று நினைத்தும் ஐந்து நாளாகக் கை வரவில்லை. காரணத்தைச் சொல்கிறேன்.

கிளினிக் நாட்களில் றோய்க்கு முழுக்கைச் சட்டை போடுவேன், பார்த்திருப்பீர்கள். குளிருக்கென்று நினைத்திருப்பீர்கள். அவன் கையில் அவனே கடித்த காயங்கள் வரிசையாக இருக்கும். நானும் முழுக்கை போட்டுத்தான் வருவேன். "வீட்ல எப்படி இருக்கார்?" என்று டொக்டர் கேட்பார். "பரவாயில்ல டொக்டர், ஒரு கஷ்டமுமில்ல" என்பேன். ஏழு வருடமாக ஒவ்வொரு மாதமும் அதே பதில். நான் உங்களிடம் கேட்ட கேள்வியை என்னிடமும் யாராவது கேட்டிருக்கலாம்.

யசோதினி மிஸ் கண்ணால் கண்டதைத்தான் எழுதுவார் என்றால் கண்டுவிட்டுப் போகட்டும். அவன் வர மாட்டான். அவர் வரட்டும், எங்கள் லயத்து வீட்டுக்கு. வேலை நாள் ஒன்றில், காலை நேரத்தில். மருந்து வழக்கம்போலத்தான் கொடுப்பேன். போட்டோ எடுக்கக் கூடாது. கூட்டமாக வரக் கூடாது, நீங்களும் வர வேண்டாம். அரை மணித்தியாலத்தில் எழுந்து போகவும் கூடாது.

இதை எட்வர்ட்டிடம் சொன்னபோது, "வீட்டப் பாத்துட்டு என்ன நெனப்பாங்க?" என்று கேட்டார். பிறகு அவரே, "சரி, அதப் பாக்கத்தானே வர்றாங்க" என்றார்.

றோசாலி

*

பூனாகலை
2024 ஜூன் 14

அன்புள்ள இனாயா,

மிஸ் நேற்று வந்துவிட்டுப் போனார். மறக்குமுன் எழுதுகிறேன்.

வீட்டை இருந்தபடியே விடுவது என்று முடிவெடுத்திருந்தேன். றோய் கஞ்சியை வீசிய கறை சுவரில் அப்படியே இருந்தது. அவன் தலை மோதும் இடத்தில் எட்வர்ட் அடித்து வைத்த பஞ்சுச் சாக்கையும் மறைக்கவில்லை. ஆனால் அதிகாரி வரும் செய்தி எப்படியோ லயம் முழுக்கப் போய்விட்டது. காலையில் கதவைத் திறந்தால் பக்கத்து வீட்டு ரெங்கம்மா எங்கள் வாசலில் தண்ணீர் ஓடும் கானைக் கழுவிக்கொண்டிருக்கிறாள். பிறகு அவளுடைய இரண்டு பிளாஸ்டிக் கதிரைகள் வந்தன. பூப்போட்ட கோப்பை வந்தது.

"வேண்டாம் ரெங்கம்மா, கொண்டு போ."

"சும்மா இருடி. ஒன் வீட்டுக்கு வர்றவங்க லயத்துக்கே வர்றவங்க. ஒடஞ்ச முக்காலியிலயா ஒக்கார வைப்ப?"

நான் அடுப்பைப் பார்க்கப் போன நேரம் கறையையும் துடைத்துவிட்டாள்.

பத்து மணிக்கு மிஸ் வந்தார். கதிரையில் உட்கார்ந்து சுற்றிப் பார்த்தார். சுத்தமான வீடு, பூப்போட்ட கோப்பையில் தேத்தண்ணீர். "மகன் எங்க?" என்றார். திரும்பிப் பார்க்கிறேன், றோய் இல்லை. வெளியே ஓடிப்போய்க் கத்தினேன். கீழே பீலியடியிலிருந்து ரெங்கம்மாவின் குரல் வந்தது.

"இங்கதான் இருக்கான். ஏன் கத்துற? அந்தம்மா போனதும் கூட்டியாறேன். தண்ணி விழுறதப் பாத்து நல்லாச் சிரிச்சுக்கிட்டு இருக்கான். வந்தவங்கள எதுக்குப் பயமுறுத்தணும்?"

"பயப்படட்டும்னுதான் கூப்பிட்டிருக்கேன், ரெங்கம்மா! கூட்டிட்டு வா!"

லயம் முழுக்கக் கேட்டிருக்கும். மிஸ்ஸும் கேட்டார்.

இனி எழுதப்போவது எனக்குக் கஷ்டம். எழுதாமல் விட்டால் நானும் மறுபடி மறைத்தவளாவேன். அவன் அங்கே சந்தோசமாக இருந்தான். சிரித்துக்கொண்டிருந்த பிள்ளையைத் தண்ணீரிலிருந்து நான்தான் இழுத்து வரச் சொன்னேன். கோபத்தோடு வந்தான். வராமல் என்ன செய்வான்? தலையைச் சாக்கில் மோதினான், பிறகு சாக்கில்லாத இடத்தில் மோதினான். நான் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டேன். அவன் இப்போது என்னைவிட ஒரு சாண் உயரம். என் கையைக் கடித்தான். தேத்தண்ணீர் மிஸ்ஸின் பைலில் கொட்டியது. அவர் கதவோரம் போய் நின்றார். முகம் வெளுத்துவிட்டது. ஆனால் வெளியே போகவில்லை.

நாற்பது நிமிடம் இருக்கும். பிறகு அவன் களைத்து, என் மடியில் தலை வைத்துப் படுத்துக்கொண்டான். அப்போதுதான் அவர் பேசினார்.

"நீங்க குளிக்கப் போனா யார் பாக்கிறது?"

"இவங்க அப்பா வந்தப்புறம்தான் குளிப்பேன்."

"உங்களுக்குக் காய்ச்சல் வந்தா?"

"வராது மிஸ்."

அதை எழுதப் போனவர் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். எனக்குப் பிறகு என்ன என்பதை அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

"அன்றைக்கு யாரும் இத ஏன் எனக்குக் காட்டல்ல?" என்றார். அவர் குரலில் கொஞ்சம் கோபம் இருந்தது. மேல்மாடியில் நடந்ததை நீங்கள் எனக்கு எழுதியிருந்தீர்கள். ஆனால் அதைச் சொல்ல வேண்டியது நான் இல்லை. "எங்களுக்கு ஆள் வந்தா கதிர போடத்தான் தெரியும் மிஸ்" என்றேன்.

இரண்டே முக்கால் மணித்தியாலம் இருந்தார். மற்றதை நீங்களும் றிப்னாவும் ஸலீம் அண்ணனும் போய் உங்கள் வாயால் சொல்ல வேண்டும். சொன்னால்தான் என் வீட்டில் கண்டது மற்ற வீடுகளுக்கும் பொருந்தும்.

றோசாலி

*

பதுளை
2024 ஓகஸ்ட் 27

அன்பின் அக்கா,

சொன்னோம். மூன்று பேரும் போய்ச் சொன்னோம். மருந்துக் கதையைக் கேட்டு மிஸ் ஏசினார். ஏசட்டும். லத்தீப் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அதுவும் நியாயம்தான். டொக்டரிடமும் சொல்லிவிட்டேன்.

இரண்டாவது அறிக்கை வந்து, அனுமதியும் வந்துவிட்டது. மூடிக்கிடந்த ஒரு பழைய மருந்தகக் கட்டடத்தைத் திருத்தித் தருகிறார்கள். ஒரு தொகுதிக்கு ஆறு பேர், இரண்டு தொகுதி. இரண்டு பிள்ளைகளுக்கு ஓர் உதவியாளர். இஸ்ரா திங்களும் புதனும். றோய் செவ்வாயும் வியாழனும். தோட்டப் பக்கத்திலிருந்து வரும் இரண்டு குடும்பங்களுக்கு வான் உண்டு. கேட்டதில் பாதிதான், அதுவும் மூன்று மாதப் பரீட்சார்த்தம். "சமாளிக்க முடியாதவரை நிறுத்த நிலையத்துக்கு உரிமை உண்டு" என்று ஒரு வரியும் இருக்கிறது. அந்த வரியை எடுக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டேயிருக்கிறேன். இன்னும் எடுக்கவில்லை.

இதோடு வரும் படிவத்தை நிரப்பி அனுப்புங்கள். நேற்று எங்கள் வீட்டில் எல்லோரும் கூடி நிரப்பினோம். றிப்னா, "சில வேளைகளில் கோபம் வரும்" என்று எழுதினாள். "சில வேளையா றிப்னா?" என்று கேட்டேன். "எழுதினா, இளையவளப் பொண் பாக்க வாற ஆக்கள்ட காதுக்குப் போகாதா?" என்றாள். போகும்தான். பிறகு றிப்னா தானே அதை வெட்டி, "தினமும் அடிப்பான், என்னையும் தங்கச்சியையும்" என்று எழுதிக் கையெழுத்து வைத்தாள்.

இனாயா

*

பூனாகலை
2024 செப்டெம்பர் 5

அன்புள்ள இனாயா,

படிவம் இதோடு இருக்கிறது. கொடுத்த இடம் போதாமல் பின்பக்கத்திலும் எழுதினேன். கடிப்பது, மோதுவது, வீசுவது, எந்தச் சத்தத்துக்கு, எத்தனை முறை, எப்படிப் பிடித்தால் அடங்குவான், எப்படிப் பிடிக்கக் கூடாது. எல்லாவற்றையும் எழுதினேன். எட்வர்ட் வாசித்துவிட்டு, "இதப் பாத்தா யாரு சேப்பாங்க?" என்றார். எனக்கும் அந்தப் பயம்தான். நீங்கள் எழுதிய அந்த வரி மனதை விட்டுப் போகவில்லை. கைவேலை வகுப்பில் பகல் சாப்பாட்டுக்கு முன்பே அனுப்பிவிட்டார்கள் அல்லவா? இங்கே எத்தனை மணிக்கு அனுப்புவார்களோ.

றோசாலி

*

பதுளை, நிலையத்தின் வாசல்
2024 ஒக்டோபர் 8, செவ்வாய்

அன்புள்ள இனாயா,

இன்றைக்கு முதல் நாள். இங்கிருந்து உங்கள் கடை பத்து நிமிட நடை என்று தெரியும். ஆனால் கேட்டை விட்டுப் போக மனம் வரவில்லை. எந்த நேரமும் கூப்பிடுவார்கள் என்று பையைக்கூட மடியிலிருந்து இறக்காமல் வெளி வாங்கில் இருந்து எழுதுகிறேன். போகும்போது லத்தீப்பிடம் கொடுத்துவிட்டுப் போவேன்.

எட்டரைக்கு உள்ளே போனான். ஒன்பதரை வரை சத்தமில்லை. பிறகு அவன் குரல் கேட்டது. கூடவே ஏதோ விழும் சத்தம், ஒரு பெண் பிள்ளை "ஆ" என்று கத்தியது, எல்லாம் கேட்டது. அந்த "ஆ" எனக்குத் தெரியும். எழும்பவும் முடியாமல் இருக்கவும் முடியாமல் இருந்தேன். பதினொரு மணிபோலக் கதவு திறந்தது. நப்லா என்ற உதவியாளர் வெளியே வந்தாள். சின்னப் பிள்ளை. கையில் துணி சுற்றியிருந்தது.

பையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து மன்னிப்புச் சொல்லத் தொடங்கினேன். எத்தனை இடத்தில் சொல்லியிருக்கிறேன், எனக்கு அது மனப்பாடம். அவள் குழப்பத்தோடு என்னைப் பார்த்தாள்.

"எங்க ஆன்ட்டி போறீங்க?"

"கூட்டிட்டுப் போகச் சொல்லத்தானே வந்தீங்க?"

"இல்ல ஆன்ட்டி. கடிப்பார்னு நீங்க எழுதித்தானே இருந்தீங்க. நான்தான் கைய முன்னுக்குக் கொண்டு போயிட்டேன். பிறகு நீங்க எழுதின மாதிரியே பிடிச்சோம், இப்ப இருக்கார். நான் வந்தது வேற விசயத்துக்கு. பகல் சாப்பாட்டுக்கு அவருக்கு என்ன விருப்பம்? ரெண்டு பக்கமும் பாத்தேன், அத மட்டும் நீங்க எழுதவேயில்ல."

உண்மைதான். எழுதவில்லை. இருபத்துமூன்று வருடத்தில் வீட்டுக்கு வெளியே யாரும் கேட்காத கேள்வி. பருப்பு, தண்ணியாக, உறைப்பில்லாமல் என்றேன். சோற்றோடு பிசைந்து வைக்க வேண்டும், கரட் இருந்தால் நசுக்கிப் போட வேண்டும் என்றேன். பீலித் தண்ணீர் பிடிக்கும் என்றும் சொன்னேன், அவள் கேட்காமலே. உள்ளே ஒரு குழாய் இருக்கிறது, பார்ப்போம் என்று சொல்லிவிட்டுப் போனாள். கதவு மூடிக்கொண்டது.

இன்னும் இரண்டரை மணித்தியாலம் இருக்கிறது. எனக்கு நன்றாகப் பசிக்கிறது. காலையில் சாப்பிட்டேனா என்றுகூட நினைவில்லை. றோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடை தெரிகிறது. இதை மடித்து வைத்துவிட்டுப் போய்ச் சாப்பிடப் போகிறேன்.

றோசாலி